தகரத்தின் நாலாவது ஓரம்

அப்பா காரில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். எங்கள் சபையில் ஆராதனைக்கே செருப்போடு போகலாம், அப்பாவின் காருக்குள் மட்டும் கூடாது. கழற்றியதை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்வார். ஐம்பது வயதுக்கு மேல் வாங்கிய முதல் கார், அதுவும் இன்னொருவர் ஓட்டி அலுத்த கார். இப்போது ஓட்டுவது நான். அவர் பக்கத்து சீட்டில், கால்களைச் சீட்டுக்கடியில் இழுத்து, விரல்களை ஊன்றிக்கொண்டு, வகுப்புக்கு இன்ஸ்பெக்டர் வந்துவிட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு நெடுநாள் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்ச் சில வருஷமாகிறது. டாக்டர் என்னிடம் அலுக்காமல் சொன்னது இதுதான்: காலில் ஈரம் தங்கக்கூடாது, காயம் படவே கூடாது, பட்டால் அவருக்கு வலிக்காது, நீங்கள்தான் தினமும் பார்க்க வேண்டும். செருப்புக்காக அவரிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். பலனில்லை. தினமும் பாதத்தைப் பார்ப்பதிலும் நான் அப்படியொன்றும் ஒழுங்காக இருக்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்தும் நாட்களில், "நானே பாத்துட்டேம்மா" என்று அவர் சொன்னால் அப்பாடா என்றிருக்கும்.

அந்த வருஷம் மழை முன்னாலேயே தொடங்கிவிட்டது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் தாண்டி ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது பக்கத்தில் அப்பா இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார். என்னப்பா என்றேன். ஒண்ணுமில்லம்மா என்றார். வீடு வரை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் பார்த்தேன், பாதமெல்லாம் சாக்கடைத் தண்ணீர். காருக்குள் விரித்திருந்த மிதியடியைப் புரட்டினால் கார்த் தரையில் மூன்று ஓட்டைகள். ஒன்றில் என் விரல் போயிற்று. எனக்கு அவமானமாக இருந்தது.

மேடவாக்கம் ரோட்டில் கார்த் தகடு தட்டிச் சரிசெய்யும் ஒரு டிங்கர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரால் குத்தக் குத்த மூன்று ஓட்டை ஐந்தாயிற்று.

"ஃபுல்லா அரிச்சிகீதுக்கா. தரைய அறுத்துட்டு வேற தகடு வெல்டிங் வெச்சாதான் நிக்கும்."

அவர் கேட்ட தொகைக்கு அந்தக் காரையே விற்றுவிடலாம். நானே ஒட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"போடுங்க. ஓரத்த மட்டும் மடிச்சி வுட்ருங்க. இல்லாங்காட்டி கத்தி மாரி நிக்கும்."

ஆயுத பூஜை விடுமுறை வந்தது. குடியிருப்பில் எல்லோரும் வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்துக்கொண்டிருக்க, நான் காருக்குள் குப்புறக் கிடந்து கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பூசணிக்காய் உடைக்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சுரண்டிய இடத்தில் துரு தடுக்கும் பெயின்ட் அடித்துக் காயவிட்டேன். மறுநாள் துத்தநாகத் தகரத்தை அளவாக வெட்டி, ஓரமெல்லாம் தண்ணீர் புகாமலிருக்கச் சீலண்ட் பசை தடவி, இரவல் வாங்கிய டிரில்லில் துளை போட்டு, ரிவெட் ஆணி அடித்தேன். மூன்று ஓரங்களை இடுக்கியால் மடித்துத் தட்டியிருந்தேன். நாலாவது ஓரம் சீட்டுக்கடியில் இருந்த இரும்புப் பட்டையில் இடித்தது. அதை மட்டும் வெட்டிக் குறைத்துத்தான் தகரத்தை உட்கார வைக்க முடிந்தது. வெட்டியதை மடிக்க இடமில்லை. சீட்டைக் கழற்றலாம் என்றால் போல்ட்டும் துருப்பிடித்து இறுகியிருந்தது. இடுப்பு வேறு விட்டுப்போயிற்று. மேலே சீலண்டை இழுத்துவிட்டு, அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று எழுந்துவிட்டேன். ஒரு வாளி தண்ணீரை அடியிலிருந்து அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஏறவில்லை. கர்வமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

மறுநாள் அப்பாவை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன்.

அதற்கு ஐந்து நாள் கழித்து, ஆராதனைக்குக் கிளம்பும் நேரத்தில், அவருடைய செருப்பு வாரை மாட்டிவிடக் குனிந்தேன். ஒரு வாடை அடித்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் சுண்டு விரலுக்கடியில் நீளமாக ஒரு கீறல், சுற்றிலும் கறுத்து வீங்கியிருந்தது. எப்போது பட்டது என்று கத்தினேன். தெரியலம்மா என்றார்.

காரை எடுக்கக் கீழே ஓடினேன். கதவைத் திறந்ததும் எனக்கே என்னவோ தோன்றி, சீட்டுக்கடியில் கையை விட்டு நாலாவது ஓரத்தைத் தடவினேன். சீலண்ட் உரிந்து போயிருந்தது. கட்டைவிரல் கீறிக்கொண்டது. எனக்கு வலித்தது.

தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்தார்கள். நாலைந்து நாள் முன்னால் வந்திருந்தால் வெறும் கட்டோடு போயிருக்கும் என்றார் டாக்டர். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

இரண்டாம் நாள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். காரில் நான் ஒட்டிய தகரம்தான் கிழித்தது, மடிக்காமல் விட்டது நான்தான் என்று.

"தெரியும்மா," என்றார். "ரத்த டெஸ்டுக்குப் போய்ட்டு வந்த அன்னைக்கு இறங்கும்போதே பார்த்தேன். தகரத்துல ரத்தம் இருந்துது. கர்சீப்பால துடைச்சிட்டேன்."

"அப்புறம் ஏன்ப்பா சொல்லலே?"

"ரெண்டு நாள் குப்புறக் கிடந்து செஞ்சியே. உடனே வந்து, உன் வேலை கிழிச்சிடுச்சுன்னு எப்படிம்மா சொல்றது? சின்னக் கீறல், ஆறிடும்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த இங்கிதத்தை யார் கேட்டார்கள். என்னைத் திட்டியிருந்தால் விரல் இருந்திருக்கும். தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டியவள் நான் என்பதால் அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

அன்று மாலை எதிர் ஃப்ளாட்காரர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். எப்படி ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை, வேறொன்று சொன்னார்.

"போன வாரம்கூட நல்லாத்தானே இருந்தார் மேடம். பூஜை லீவு முடிஞ்சு மூணு நாலு நாள் இருக்கும், என்னைக் கீழ கூட்டிட்டுப் போய்க் கார்க் கதவைத் திறந்து காட்டினார். என் பொண்ணு ஒட்டினது, சொட்டுத் தண்ணி உள்ள வராதுன்னார். உட்காருங்க சார்னா கேக்கல. அரை மணி நேரம் நின்னுகிட்டே பேசினார்."