அண்ணியின் இடக்கை ராட்டை

எங்கள் அண்ணி எதையும் விட்டுக்கொடுப்பார், ராட்டையைத் தவிர. கூடத்து ஜன்னலோரம் இருந்த அந்தத் தேக்கு ராட்டைக்கு வயது நூறுக்கு மேல். ஒரு பழைய மாளிகையைக் காலி செய்தபோது, விறகுக்குப் போகவிருந்ததை வாங்கி வந்தார். தையல் மிஷின் மெக்கானிக்கான என் அண்ணன்கூட அதைத் தொடவேண்டுமானால் கை கழுவிவிட்டு வரவேண்டும்.

போன மழையில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து அண்ணியின் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, பிடிமானம் வரவில்லை. கரண்டி பிடிக்க முடிந்தது. ராட்டையின் கைப்பிடியைச் சுழற்ற முடியவில்லை. போர்வைக்கென்று நூற்ற நூல் பாதியில் நின்றது. கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று பழம்பொருள் கடைக்காரருக்கு ஃபோன் போட்டு ராட்டையை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஏதோ ஹோட்டலில் அழகுக்கு வைப்பார்களாம்.

அண்ணன் வாயில்லாப் பூச்சி. ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்தார். கைப்பிடியை அச்சின் மறுமுனைக்கு மாற்றினார். ராட்டையைத் திருப்பிப் போட்டு, நூல் சுற்றும் கம்பியான கதிரின் முனை அண்ணியைப் பார்க்கும்படி வைத்தார்.

“இடது கையால சுத்து. வலது கை பஞ்சை மட்டும் இழுக்கட்டும். அதுக்கு என்ன பெரிய பலம் வேணும்?”

அண்ணி உட்கார்ந்தார். கதிரில் மிச்சமிருந்த நூலின் நுனியோடு பஞ்சைச் சேர்த்துச் சுற்றினார். புது நூல் வரவில்லை. பழைய நூலே பிரிந்து பஞ்சாகி விழுந்தது. மறுபடியும் அதே கதை.

“விடுங்க. என் கை போச்சு. கடைக்காரர் வந்து எடுத்துட்டுப் போகட்டும்.”

அண்ணி அழுதார். நானும் மூக்கை உறிஞ்சினேன். அண்ணன் ராட்டைக்கு எண்ணெய் போட்டார். அவருக்குத் துக்கம் வந்தால் அதைத்தான் செய்வார்.

கடைக்காரர் சொன்னபடி வண்டியோடு வந்து, ராட்டையைத் தூக்கக் குனிந்தார்.

“கொஞ்சம் இருங்க,” என்றார் அண்ணி. பிரிந்த நூலை விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணனிடம், “ஏங்க, கோளாறு என் கையில இல்ல. இடது கையால சுத்துறப்போ சக்கரம் எதிர்ப்பக்கமா ஓடுது. முறுக்க வேண்டிய நூலை அவுத்துக்கிட்டு இருக்கோம்.”

“அப்ப மாத்திச் சுத்தேன்.”

சுற்றிப் பார்த்தார். இடது கை இசையவில்லை. சக்கரத்தையும் கதிரையும் இணைக்கும் கயிற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“கயித்தைக் குறுக்க மாட்டிப் பாருங்க, எட்டு போட்ட மாதிரி. சக்கரம் இந்தப் பக்கம் சுத்தினா கதிர் அந்தப் பக்கம் சுத்தும்.”

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “நாள் பூரா பெல்ட்டோட மாரடிக்கிறேன். எனக்குத் தோணல பாரு.”

கயிற்றை மாட்டினார். அண்ணி சுற்றினார். முதலில் கொடிக்கயிறு போல் தடியாக வந்தது, அறுந்தது, ஒட்டினார். பிறகு சன்னமாக, அறாமல் வரத் தொடங்கியது. வலது கை பஞ்சைப் பின்னுக்கு இழுத்தது.

“அம்மா, வண்டி நிக்குது,” என்றார் கடைக்காரர்.

அண்ணி நிமிரவே இல்லை. “கை வேலையா இருக்கேன். அப்புறம் வாங்க.”