அபிநயா சுற்றிய சூரியன்

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஷேக் மைதீனின் பேன்சி ஸ்டோருக்குப் போனால், பிறந்தநாள் கொண்டாட என்னென்ன வேண்டுமோ அத்தனையும் கிடைக்கும். பலூன், ஜிகினாத் தொப்பி, எண் போட்ட மெழுகுவத்தி, எல்லாம் உண்டு. ஆனால் அவர் மகள் ரஜியாவுக்கு ஒரு பிறந்தநாளும் கொண்டாடியதில்லை. "நம்ம வழக்கத்துல அது இல்லம்மா" என்பார் அத்தா. அதோடு சரி. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தொப்பி எடுத்துக் கொடுத்தவள், ஒருநாள் தன் தலையில் ஒன்றை வைத்துப் பார்த்ததற்கு அம்மாவிடம் முதுகில் இரண்டு வாங்கியதுதான் மிச்சம்.

அப்படி வளர்ந்தவள்தான் பிறந்தநாள் என்றால் உயிரை விடுகிற மாண்டிசோரி டீச்சரானாள். புதுச்சேரியில் பயிற்சி முடித்து, ஆசாத்தைக் கல்யாணம் கட்டி, ஊர் ஓரத்தில் வாடகை வீட்டில் நடந்த சின்னப் பள்ளியில் சேர்ந்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி உறவுக்காரர்கள் பேசியது கொஞ்சநஞ்சமல்ல. அந்த வாய்களை விடுங்கள். காலையில் வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் அவளுக்கு வேறு நினைப்பே இருக்காது.

அவள் வகுப்பில் பிறந்தநாளுக்கு கேக் கிடையாது, சாக்லேட் கிடையாது. பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். நடுவில் ஒரு மெழுகுவத்தி எரியும். அதுதான் சூரியன். பிறந்தநாள் பிள்ளை சின்ன உலக உருண்டை ஒன்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அதைச் சுற்றி வரும். வயசுக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வருஷம் என்ன நடந்ததென்று ரஜியா சொல்வாள். பல் முளைத்தது, நடை பழகியது, தம்பி பிறந்தது என்று பெற்றவர்களிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்வாள். அதில் ஒரு சொல்லும் இட்டுக்கட்டியதாக இருக்காது. சின்னப் பிள்ளைகளிடம் பொய் சொல்லவே கூடாது என்று பயிற்சியில் சொன்னதை அவள் பிடித்த பிடி உடும்புப்பிடி. 'அழுதா பூச்சாண்டி வருவான்' என்று மிரட்டிய ஒரு தாயை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவள் அவள். ஆசாத்கூட அவளை 'அரிச்சந்திரன் தங்கச்சி' என்றுதான் கிண்டலடிப்பான். பிள்ளைகளுக்குள் எதற்காவது சண்டை வந்தாலும், "மிஸ்ஸக் கேளு, மிஸ் பொய் சொல்லாது" என்று அவளிடம்தான் ஓடி வருவார்கள்.

அந்தப் பள்ளியைக் கூட்டிப் பெருக்கியவள் கருணாபுரத்துச் சந்தியா. அவள் மகள் அபிநயாவைப் பள்ளியிலேயே சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பன் தீனதயாளன் மூட்டை தூக்குகிறவன். குடிப்பான், ஆனால் மகள் மேல் அப்படி ஒரு பாசம். சாயங்காலம் பள்ளி வாசலில் அவன் தலை தெரிந்தால் போதும், அபிநயா செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடுவாள்.

பாழாய்ப்போன அந்த ஆனி மாதத்தைப் பற்றி என்னத்தைச் சொல்ல! கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். தெரு முழுக்கச் சாவுப் பந்தல். தீனதயாளனும் போய்ச் சேர்ந்தான். பிள்ளை அதையெல்லாம் பார்க்க வேண்டாமென்று அபிநயாவைக் களமருதூரில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்து கூட்டிவந்தபோது, அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னாள் சந்தியா. அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல வரும் ஒருத்திக்கு?

கார்த்திகையில் அபிநயாவுக்கு நாலு வயசு நிறைந்தது. பிறந்தநாளுக்கு முந்தின நாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ரஜியாவிடம் வந்து நின்றாள் சந்தியா.

"மிஸ், நாளைக்கு அவங்கப்பா கேரளாவுல இருக்காருன்னு நீங்களும் சொல்லிடுங்க மிஸ்."

"நானா? அது இன்னா சந்தியா, என்னைப் போய்... நாலாவது சுத்துல நான் அப்பா பேச்சையே எடுக்கல. இஸ்கூலு சேந்தத சொல்றேன், பாட்டு கத்துக்கினத சொல்றேன்."

"மூணு சுத்துக்கும் அப்பா அப்பான்னு சொல்லிட்டு நாலாவதுல சொல்லலன்னா அது கேக்காதா? தெருவுல புள்ளைங்க உங்கப்பா செத்துட்டாருன்னு சொல்லுதுங்க மிஸ். வூட்டுக்கு வந்து என் மூஞ்சியையே பாத்துக்கினு குந்தியிருக்கு. சோறு எறங்கல அதுக்கு. இந்த ஒரு தபா மட்டும் மிஸ், கால்ல வேணா வுழறேன்."

குனியவே போய்விட்டாள். ரஜியா பதறிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று தலையாட்டினாள். ஒரு பிள்ளை நிம்மதியாகச் சாப்பிடட்டுமே, அதிலென்ன குற்றம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் அபிநயா பச்சைப் பாவாடை கட்டி வந்திருந்தாள். உருண்டையைக் கையில் வாங்கியபோது முகத்தில் சிரிப்பே இல்லை. சந்தியா கதவோரம் நின்றாள்.

"அபிநயா பொறந்தா. அவங்கப்பா கையில வாங்கினவரு கீழ வெக்கவே இல்லியாம்" என்றாள் ரஜியா. முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் அப்பா விரலைப் பிடித்து நடந்தாள். மூன்றாவதில் அப்பா தோளில் உட்கார்ந்து ரிஷிவந்தியம் கோயிலில் சாமி பார்த்தாள். நாலாவது சுற்று தொடங்கியது. ரஜியா கதவோரம் பார்த்தாள். சந்தியா கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

"நாலாவது வருசம்... அபிநயா பள்ளிக்கூடம் சேந்தா. அவங்கப்பா... கேரளாவுக்கு வேலைக்குப் போனாரு."

அபிநயா சட்டென்று நின்றுவிட்டாள்.

"நெஜமா மிஸ்?"

ரஜியா தலையசைத்தாள்.

பிள்ளையின் முகம் மலர்ந்த மலர்ச்சியை என்னவென்று சொல்வது! உருண்டையைக் கீழே வைத்துவிட்டுத் தாயிடம் ஓடினாள்.

"யம்மா, மிஸ்ஸே சொல்லிட்டாங்க! அப்பா இருக்குது! நீ சொன்னப்போ நான் நம்பவே இல்ல, பொய் சொல்றன்னு நெனைச்சிக்கினேன். மிஸ் பொய் சொல்லாது இல்ல?" திரும்பி வந்து ரஜியாவின் மடியில் விழுந்தாள். "பொங்கலுக்கு வந்துடுமா மிஸ்? நான் வாசல்லயே நிக்கட்டுமா?"

அப்போதுதான் ரஜியாவுக்கு உறைத்தது. இந்தப் பிள்ளைக்கு உள்ளுக்குள் எல்லாம் தெரிந்திருக்கிறது. தெருவில் கேட்டதும் தாய் முகத்தில் பார்த்ததும் அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. வாய்விட்டு அழாமல் மெல்ல மெல்ல அந்தச் சாவைப் பழகிக்கொண்டிருந்த பிள்ளையை, செத்தவனுக்காக வாசலில் காத்திருக்க வைத்துவிட்டாளே! பெற்ற தாய் சொன்ன பொய்யையே நம்பாதது, இவள் சொன்னாள் என்பதற்காக நம்பிவிட்டதே! நாளைக்கும் காத்திருக்கும், பொங்கலுக்கும் காத்திருக்கும். இப்போதே சொல்லாவிட்டால் இனி எப்போதும் தன்னால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

பிள்ளையை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"கண்ணு, மிஸ் தப்பா சொல்லிட்டேன். மிஸ் இன்னிக்கு ஒரு பொய் சொல்லிட்டேன்டா. உங்கப்பா..."

அபிநயா தன் சின்னக் கையால் அவள் வாயை இறுகப் பொத்தினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"வேணாம் மிஸ். மொதல்ல சொன்னீங்கல்ல, அதையே சொல்லுங்க."