காதில் ஊற்றிய தண்ணீர்

செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கீழே, இரண்டு கிடங்குகளுக்கு நடுவில் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதம் மூன்றாம் ஞாயிறு அங்கே கிடா வெட்டு. பூந்தமல்லிக்குக் குடிவந்த ஆண்டிலிருந்து நான் தவறாமல் போகிறேன். மண்ணூர்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. எதையும் நாள், நேரத்தோடு குறித்து வைப்பது அதனால் வந்த பழக்கம். குறிப்பேட்டில் அந்தத் திருவிழாவுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அதில் ஒரு கட்டம்: தண்ணீர் ஊற்றியபின் ஆடு சிலிர்க்க எடுத்துக்கொண்ட நிமிடங்கள்.

அங்கே வழக்கம் அப்படி. மஞ்சள் தண்ணீரை ஆட்டின் முதுகில் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் உத்தரவு. உதறாதவரை கத்தி எழாது. ஒரு வருடம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஊரே வெயிலில் நின்றது. யாரும் கிளம்பவில்லை.

வெட்டுகிறவர் என் நண்பர். வழிவழியாக அவர்கள் வீட்டு வேலை அது. நிலமெல்லாம் மனைகளாகிவிட்டதால், மற்ற நாட்களில் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஞாயிறு காலையில் டீக்கடையில் என்னைப் பார்த்ததும், "இன்னா கணக்குப்புள்ள, நம்மள நோட்டுல ஏத்திட்டியா இல்லியா?" என்பார்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, அதே டீக்கடைக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிலிருந்து ஓர் இளம்பெண் என்னைத் தேடி வந்தாள். நகரத்துப் போட்டியாளர்கள் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கி, தங்கள் சாப்பாட்டைத் தாங்களே பிடித்து, அறுத்து, சமைக்க வேண்டும்; அதுதான் நிகழ்ச்சி. "இந்த ஊர் பழக்கமெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களாமே அங்கிள்," என்றாள். இத்தனை வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள். ஒரு மணி நேரம் பேசினேன். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று, அவசரக்காரர்கள் சில இடங்களில் ஆட்டின் காதில் தண்ணீர் விடுவதையும் சொன்னேன். காதில் நீர் புகுந்தால் எந்த ஆடும் உதறும். என் நண்பர் வீட்டில் அதைப் பாவமாக நினைப்பார்கள் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

படப்பிடிப்புக்கு வந்து வழக்கப்படி ஓர் ஆடு வெட்டிக் காட்டச் சொன்னதற்கு நண்பர் முதலில் ஒப்பவில்லை. "சாமி இல்லாத எடத்துல இன்னா சார் உத்தரவு?"

"சாப்பிடத்தானே அண்ணே வெட்டப் போறாங்க. நம்ம வழக்கத்த நாலு பேர் பாக்கட்டுமே," என்றேன்.

"நீ சொல்றியேன்னு வரேன்," என்றார்.

படப்பிடிப்பு ஒரு புதன்கிழமை. விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். வேனிலிருந்து இரண்டு ஆடுகளை இறக்கினார்கள். இரண்டாவது எதற்கு என்று கேட்டேன். "ஸ்டாண்ட்பை," என்றார் ஒருவர்.

பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நண்பர் தண்ணீர் ஊற்றினார். பழுப்பு ஆடு, ஒரு காது மட்டும் வெள்ளை. அது அசையவில்லை. தரையிலிருந்த கேமரா வயரை முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றது. நண்பர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

"எவ்ளோ நேரம் ஆகும்ணா?" என்றாள் அந்தப் பெண்.

"அத்த ஆட்டாண்டதான் கேக்கணும். அதுக்குத் தோணணும்மா."

"ஆட்டுக்கும் கால்ஷீட் இருக்கு போல," என்றார் போட்டியாளர்களில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பதினொன்று ஐம்பதுக்கு இயக்குநர் என்னிடம் வந்தார். "சார், காதுல ஊத்துனா உதறும்னு நீங்கதானே சொன்னீங்க?"

நண்பர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நீயா சார் சொன்ன?"

"தப்புன்னு சேத்துதான் சொன்னேன்ணே."

"செரி. இப்ப இன்னா சொல்ற?"

அறுபது பேர் இருப்பார்கள் அந்த வெயிலில். அத்தனை பேரும் என்னைப் பார்ப்பது போலிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "ஒரு தடவதானே அண்ணே," என்றேன்.

அவர் எழுந்தார். சொம்பை எடுத்து அந்த வெள்ளைக் காதில் ஊற்றினார். ஆடு தலையிலிருந்து வால்வரை உதறியது. கூட்டம் கைதட்டியது. கத்தி இறங்கும்வரை கைதட்டல் நிற்கவில்லை.

பிறகு கேமராக்காரர் ஏதோ சொன்னார். வெயில் எதிரில் அடித்ததால் உதறியது சரியாக விழவில்லையாம். "இன்னொண்ணு போயிடலாம்ணா," என்றார் இயக்குநர். நண்பர் கத்தியைக் கழுவி, கோணியில் சுற்றி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சமையல் குழுவில் ஒருவர் சொம்பையும் வேறொரு கத்தியையும் எடுத்துக்கொண்டார். இரண்டாவது ஆட்டை அவர்தான் வெட்டினார்.

ஒன்றரை மணிக்கு எல்லோருக்கும் பிரியாணி வந்தது, வெளியே ஓட்டலிலிருந்து. போட்டியாளர்கள் வாணலியில் வதக்கியது கேமராவுக்கு மட்டும். நான்கு மணிக்கு நான் கிளம்பும்போது, இரண்டு ஆட்டின் கறியும் பிளாஸ்டிக் தொட்டியில் அப்படியே இருந்தது. மூடக்கூட இல்லை.

நான் கறி சாப்பிடுகிறவன். ஆடு வெட்டுவதைப் பார்த்து அதற்குமுன் மனம் கலங்கியதில்லை. அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றபோதுதான், சாப்பிடத்தானே என்று நண்பரிடம் நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது அந்தக் காட்சி ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே வந்தது. சொம்பு இல்லை. புல்லாங்குழல் இசையோடு ஆடு மெதுவாக உதறியது. வெட்டுவதை மறைத்திருந்தார்கள். உதறிய ஆட்டுக்கு இரண்டு காதும் பழுப்பு.

ஆடி மூன்றாம் ஞாயிறு வந்தது. நண்பர் குளித்து, ஈரவேட்டியோடு நின்றார். தண்ணீரை ஊற்றினார். முதல் சொம்பிலேயே ஆடு உதறியது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். நண்பரின் கை எழவில்லை. ஆட்டின் காதை விரித்துப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கத்தியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

கிடங்கின் மதிலோரம் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"முதுவுல ஊத்துனது காதுல வழிஞ்சுச்சா, நெசமாவே உத்தரவு குடுத்துச்சா, இன்னாத்த சார் கண்டேன்," என்றார். "இனிமே என்னால சொல்ல முடியாது. தம்பி பாத்துப்பான்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். பிறகு, "நோட்டுல அந்த புதங்கெழமைய எழுதிட்டியா?" என்றார்.

இல்லை என்றேன்.

"எழுது. காதுல ஊத்துனத்த எழுது. யாரு சொல்லி ஊத்துனான்னும் எழுது."

அதற்குப் பிறகு மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் 'நண்பர் காதில் தண்ணீர் ஊற்றினார்' என்பதோடு நிறுத்தியிருந்தேன். அவற்றைக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. நான் சொன்னதும் இதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் அவரிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டும்.