வெள்ளையன் போட்ட பெருக்கல் குறி

கல்வராயன் மலையில் வெள்ளையனும் முருகவேலும் ஒரே நாளில் வனக்காவலர் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பதினெட்டு வருஷம் ஒரே தூக்கில் சாப்பிட்டவர்கள். அதைக் கெடுக்க ஒரு சாக்பீஸ் போதுமாக இருந்தது, போங்கள்!

தேக்குத் தோட்டத்தில் எந்த மரத்தை நிறுத்துவது, எதை வெட்டுவது என்று பயிற்சி கொடுக்க நர்மதா மேடம் வந்திருந்தார். நிற்க வேண்டிய மரத்துக்கு வெள்ளை வளையம். அதை நெருக்கும் மரத்துக்குச் சிவப்பில் பெருக்கல் குறி. போட்டவர் சொன்னால் ஒழிய எதையும் மாற்றக் கூடாது. நன்றாகத் தேர்ந்தெடுப்பவருக்கு மலை முழுக்க மரம் குறிக்கும் பொறுப்பு. அது தனக்குத்தான் என்று வெள்ளையன் வீட்டில் சொல்லியும் விட்டான்.

மேடமோ வாயைத் திறந்தால், “முருகவேல் அண்ணன் மாதிரி முதல்ல உச்சியப் பாருங்க” என்பார். வெள்ளையனுக்கு வயிறு பற்றி எரிந்தது. “எனக்கு மட்டும் இன்னா, கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று முணுமுணுத்தான்.

மறுநாள் முருகவேல் சங்கராபுரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். வெள்ளையன் முருகவேல் பங்குக்கு வந்த வரிசையில் புகுந்து, அவன் போட்ட வளையம் ஒன்றை ஈரத்துண்டால் துடைத்துவிட்டுச் சிவப்பில் பெருக்கல் போட்டான். அதுவும் எதில்? தோட்டத்திலேயே நெடுநெடுவென்று நிற்கும் மரத்தில்! மேடம் பார்த்து முருகவேலைத் திட்ட வேண்டும். மூக்கை அறுத்துக்கொண்டாவது அடுத்தவனுக்குச் சகுனத்தடை செய்கிற புத்தி.

ஆனால் மேடத்துக்கு முன்னால் மரம் வெட்டும் முனியன் ஆட்களோடு வந்துவிட்டான். சிவப்பைப் பார்த்ததும் ரம்ப மெஷினின் கயிற்றை இழுத்துவிட்டான்.

வெள்ளையன் ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டான். “இத வெட்டாதடா!”

“நவுருண்ணே. சிவப்பு போட்டுக்குது பாரு. போட்ட முருகவேல் அண்ணன் வந்து சொல்லட்டும், வுட்டுடறேன்.”

போன் போட மலையில் டவர் இல்லை. மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. ஆட்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

“போட்டவன் நான்தான்டா!” என்று வெள்ளையன் கத்தினான்.

மரம் பிழைத்தது. பொறுப்பு முருகவேலுக்குப் போனது. அவன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான்: “ஏன்டா மச்சான், அவ்ளோ நல்ல மரத்துல போயா போட்ட?”

“சொத்த மரத்துல போட்டா உன்ன யாரு திட்டுவாங்க?”

முருகவேல் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தும் வெள்ளையனுக்கு வயிறு எரிந்தது. இப்போது சாக்பீஸ் பையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே போகிறான். ஒரு மரத்திலாவது தப்பு செய்வான் என்று ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்க்கிறான். பாழாய்ப்போனவன், இன்றுவரை ஒன்றில்கூடச் செய்யவில்லை.