ஒன்பதாம் தறி

நம்பாதவர்கள் சங்கரன்கோவிலுக்கு வந்து கனகலட்சுமியிடமே கேட்டுக்கொள்ளலாம். பட்டப்பகலில் நடந்தது இது.

விசைத்தறிக் கூடத்துக்கு அவள் வேலைக்கு வந்து நாலு மாதம்தான். ஒன்பதாம் தறியைக் கொடுத்திருந்தார்கள். இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. வலியில்லை. புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிக் கூப்பிட்டார்கள். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சரியான பயந்தாங்கொள்ளி! ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

அன்று காலை பதினொன்று ஐந்துக்குக் கரண்ட் போனது. தறியெல்லாம் நின்றது. மற்றவர்கள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். அவள் போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசுதேன். கட்டியக் காட்ட இன்னும் வரலையே?"

"தபசு முடியட்டும். வாரேன்."

வைத்த பிறகுதான் உறைத்தது. கட்டி இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாளும் கரண்ட் போனது. அதே பதினொன்று ஐந்து. அதே நம்பர்.

"ஏட்டி, நாளைக்கே வந்துரு."

ஏட்டியா? ஆஸ்பத்திரிக்காரி அப்படியா கூப்பிடுவாள்?

"பேசுதது யாரு?"

"என்னது? சத்தமாப் பேசுட்டி... தறி ஓடுது, கேக்கல..."

நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரு தறியும் ஓடவில்லை.

போனுக்குள் மட்டும்...

டடக்... டடக்... ட...டக்.

மூன்றாவது அடியில் நொண்டும் தறி. அது அவளுடைய தறி.

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சோதனை முடிவு வந்த அன்று டாக்டர், "சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க, எடுத்துரலாம்" என்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

நர்ஸ் அபிதாவிடம் கேட்டாள். "போன் போட்டு வரச்சொன்னாகளே, அந்த அக்கா யாரு?"

"நாங்க கூப்பிடலையேக்கா. உங்க நம்பரே அப்ப எங்ககிட்ட இல்லையே!"

கனகலட்சுமி நம்பரைக் காட்டினாள். அபிதா அதைத் தன் போனில் தட்டினாள். ஏற்கெனவே பதிந்திருந்த பெயர் வந்தது. மாடத்தி.

அபிதா அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தாள். "இவங்களப் பரிசோதனைக்கு வாங்கன்னு போன வருசம் எத்தனையோ தடவ கூப்பிட்டேன். 'தறி ஓடுது, கேக்கல, அப்புறம் வாரேன்'னு வச்சிருவாங்க. முத்திப்போய்த்தான் வந்தாங்க... தை மாசம் இறந்துட்டாங்க."

கூடத்துக்குத் திரும்பியதும் பக்கத்துத் தறி சங்கரேஸ்வரியிடம் கேட்டாள். "மாடத்தின்னு இங்கன யாரும் இருந்தாகளா?"

"உனக்குத் தெரியாதா? உன் தறியத்தான் அவ ஓட்டுனா."

கரண்ட் போனது.

போன் அடித்தது. கனகலட்சுமி தன் போனை எடுத்துப் பார்த்தாள்.

அடித்தது அவள் போன் இல்லை... சங்கரேஸ்வரியுடையது. திரையில் அதே நம்பர்.