பழம் தரும் அண்ணாச்சி

பீர்மேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டதும், சாலையோரத்து வீட்டில் ஓர் அறையைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டேன். சாப்பாடும் நானே சமைத்துப் போட்டேன். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் இரண்டு அறை கட்டினார். அப்போதிருந்து என் தகரக் கூரையில் குரங்குக் கூட்டம். தங்க வந்த தம்பதிகள் பொழுது விடிவதற்குள் பெட்டியைக் கட்டினார்கள். இணையத்தில் அவர்கள் எழுதிவைத்ததைப் படித்தால், என் வீட்டில் தங்க எனக்கே பயமாக இருந்தது.

கூரை முழுக்கப் பூவன்பழத் தோல். நானோ பழமே வாங்குவதில்லை. அண்ணாச்சியைக் கேட்டேன். கோயில் வாசலில் நின்று, ஒரு பழம்கூடத் தான் எறியவில்லை என்று சத்தியம் செய்தார். தெரு அவரை நம்பியது. எனக்குத்தான் பொறாமையாம்.

எதிர்வீட்டு அக்கா பைபிள் படிப்பவர். "குழி வெட்டுனவன் அதுலயே விழுவான்னு சங்கீதத்துல வருதுல்லா, கொஞ்சம் பொறுட்டி" என்றார்.

"அவரு வெட்டி முடிக்கதுக்குள்ள என் அறைக்குப் பூட்டு விழுந்துருமேக்கா!" என்று கத்தினேன். இன்னும் நாலு பேர் ஓடினால், மறுபடி தோட்டத்தில் கூடை தூக்க வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வீட்டில் ஜீப் நிறைய விருந்தினர். அவர்களுக்காகப் பழத்தார் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். என் கூரையில் இருந்த கூட்டம் அவரைப் பார்த்தது. தினமும் பழம் தரும் ஆளை அவற்றுக்குத் தெரியாதா? அத்தனையும் இறங்கி, அவர் பின்னாலேயே நடந்து, அவரோடு வீட்டுக்குள் போயின. ஒரே அலறல். விருந்தினர் ஜீப்புக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினார்கள். அண்ணாச்சி தாரோடு குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார்.

கம்போடு ஓடினேன். சிரித்த சிரிப்பில் கம்பைப் பிடிக்க முடியவில்லை. தெருவே கூடிவிட்டது. குளியலறையின் சின்ன ஜன்னல் வழியாக அண்ணாச்சி கத்தினார்: "தங்கச்சி, கம்புக்கெல்லாம் அசையாது! நான் பழம் தாரேன், ஒங்க கூரையில போடு. எல்லாம் அங்க போயிரும்!"

"கூரையில எந்தப் பக்கம் அண்ணாச்சி?" என்று பணிவாகக் கேட்டேன்.

"எப்பவும் போடுற எடந்தாம்மா, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல!"

தெருவில் எழுந்த சிரிப்பில் குரங்குகளே மிரண்டுபோயிருக்கும். அவர் நீட்டிய பழத்தை நான் வாங்கவில்லை. ஜீப்பில் இருந்தவர்களை என் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். குரங்கு ஒன்றுகூட எங்களோடு வரவில்லை.