அண்ணன் சமைத்துப் பார்த்த அரிசி

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களையும், ஷார்ஜாவிலிருந்து லீவு போட்டு வந்திருக்கும் நண்பர்களையும் வணங்கி எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். அண்ணனைப் பற்றி அப்படித்தான் எழுதுவேன். இதில் வரும் மற்ற இருவருக்கு அந்த உறுதியைத் தர முடியாது. அவர்களில் ஒருவன் நான்.

அறந்தாங்கிப் பக்கம் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு வெல்டிங் கற்றார். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு பட்டறையில் நின்றே தங்கையின் திருமணத்தை நடத்தினார், பிறகு என்னையும் அங்கே வரவழைத்தார். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காணோம் என்று நான் அழுதேன். அதைப் பல்லில் கடித்துக்கொண்டே அழுதேன் என்பதை அண்ணன் கடைசிவரை சொல்லிச் சிரித்தார்.

பேச்சிலர் அறைகளும் சில குடும்பங்களுமாகச் சேர்ந்து, அரிசி பருப்பை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ள ஒரு சங்கம் வைத்திருந்தோம். அரிசிச் சங்கம் என்போம். நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. கொள்முதல் அண்ணன் பொறுப்பு. மற்றவர்கள் துணி துவைத்துத் தூங்கும் வெள்ளிக்கிழமையில் அவர் சந்தையில் நிற்பார். அரிசி வந்ததும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்து, தன் அறையில் வடித்து, குழம்பு ஊற்றாமல் வெறும் சோறாகத் தின்று பார்ப்பார். அவர் தலையசைத்த பிறகே பங்கு. நானும் குழுவில் இருந்தேன். என் பொறுப்பு, டீ வாங்கி வருவது.

தலைவர், என் கம்பெனி மேனேஜர். அவருடைய பெரிய ஃப்ளாட்டில் ஓர் அறைதான் எங்கள் கிடங்கு. வெயிலில் அரிசி கெடாமலிருக்க அங்கே ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியதற்கு மறு வருடக் கோடை. அடுத்த மாதத்துக்கான அரிசியை அண்ணன் சோறாக்கிப் பார்த்து, கிடங்கில் அடுக்கிவிட்டார். தலைவர் குடும்பத்தோடு லீவில் ஊருக்குப் போனார். போகும்போது, லீவில் போகிற எல்லோரும் செய்வதைப் போல, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனார்.

மாதம் முடிந்து, மாற்றுச் சாவியால் அண்ணனும் நானும் கதவைத் திறந்தோம். அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. மூட்டையெல்லாம் வண்டு. அண்ணன் ஸ்விட்சைக் காட்டினார்.

"அணைஞ்சு கெடக்கு பாரு தம்பி. நல்லாப் பாத்துக்க."

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

தலைவர் திரும்பி வந்ததும் கூட்டம் போட்டார். "பழைய அரிசிய இவரு தலையில கட்டிட்டாங்க. தின்னு பாத்தாராம்! நாக்குச் செத்த ஆளுக்கு எதுக்குங்க கொள்முதல்?"

"ஸ்விட்ச் அணைஞ்சு கெடந்துச்சுங்க. தம்பியும் பாத்தான்" என்றார் அண்ணன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீசா புதுப்பிக்கும் தாள் அப்போது தலைவரின் மேசையில் இருந்தது.

"என்னய்யா, பாத்தியா?"

"இருட்டா இருந்துச்சு சார்" என்றேன். நாங்கள் கதவைத் திறந்தது உச்சி வெயிலில்.

அண்ணனை நீக்கச் சம்மதமென்றால் கை தூக்கச் சொன்னார்கள். பயத்தில் நான் இரண்டு கையையும் தூக்கினேன். எண்ணியவர் ஒன்றை இறக்கச் சொன்னார்.

அறைக்கு வந்து, "ஏண்ணே, திட்டக்கூட மாட்டியா?" என்று கேட்டேன்.

"வீசா அடிச்சிருவான்ல? அப்பக் கலாஸ், முடிஞ்சுது. சோறு ஆறுது, வா."

அதன் பிறகும் வெள்ளிதோறும் அண்ணன் பையோடு வந்து வரிசையின் கடைசியில் நின்று தன் பங்கை வாங்கிப் போனார். "என்னண்ணே, ருசி பாத்தாச்சா?" என்று முன்னால் நின்றவர்கள் கேட்பார்கள். அண்ணன் சிரிப்பார். தலைவரும் சிரிப்பார். அந்த இரண்டாவது சிரிப்பை நான் மறக்கவில்லை.

அண்ணன் வயிற்றில் நோய் கண்டு ஊர் திரும்பினார். கடைசியில் கஞ்சி மட்டுமே இறங்கியது. நான் லீவில் வந்திருந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "புது அரிசி. தெரியுது. நாக்கு இன்னும் சாகலடா" என்றார். அத்தனை நாளும் அந்தச் சொல்லை அவர் உள்ளே வைத்திருந்தார் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் அவர் இல்லை.

தலைவரின் பெயரை இங்கே போடவில்லை. அடுத்த பக்கத்தில் அவரே போட்டிருக்கிறார், படத்தோடு. "சங்கத்தின் தூண்" என்று அண்ணனைப் புகழ்ந்து எழுதிய இரங்கல் செய்தி. நானே போன் செய்து பணிவாகக் கேட்டு வாங்கியது. ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. இந்தப் பக்கத்துக்குப் பின்னால் வரும்படி மட்டும் பார்த்துக்கொண்டேன். "வேலை போயிரும் சின்னண்ணே" என்கிறாள் தங்கை. போகும். இதைக் கொடுக்க அச்சக வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி ஓடி வந்தவன்தான் நான்.

இரவு பகல் பார்க்காமல் உடனிருந்த அண்ணிக்கும், வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், அண்ணனை விமானம் ஏற்றிவிட்ட அறை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இவ்வளவு தூரம் வந்திருக்கும் தலைவருக்கும் நன்றி. மண்டபத்தில் முதல் பந்தியில் அவருக்கு இடம் போட்டிருக்கிறோம். அந்த இடத்துக்கு மேலே இருக்கும் ஃபேனை மட்டும் அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதே ஃபேனுக்குக் கீழே, பக்கத்து இலை எனக்கு.